தம்பி எடுத்த விமான டிக்கெட்

எர்னஸ்டின் டோலிவருக்கு வாய் நீளம். யாராவது அதை முகத்துக்கு நேரே சொன்னால், "கை நீளமா இருக்கிறதுக்கு வாய் நீளமா இருக்கிறது எவ்வளவோ மேல்" என்று ஒரு காலத்தில் பட்டென்று பதில் வரும். தம்பி ஓடெல் ஜெயிலுக்குப் போன நாளிலிருந்து அந்தப் பதிலை மட்டும் அவள் விட்டுவிட்டாள். வாய் என்னவோ குறையவில்லை.

அலபாமாவில், பர்மிங்ஹாம் நகரத்தின் மேற்கு ஓரத்தில், இரும்பாலை மூடியபிறகு பாதி வீடு காலியாகிப்போன என்ஸ்லி பகுதியில் அவளுக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி. அதற்கு முன்னால் பல வருஷம் விமான நிலையத்துச் சிற்றுண்டிக் கடையில் யாரோ ஒரு முதலாளிக்குக் காபி ஊற்றினாள். அந்தக் கட்டடத்தில் பெருக்குவதும் துடைப்பதும் பெட்டி தள்ளுவதும் எங்கள் கறுப்பு ஜனங்கள்தான். ஒரு கடைப் பலகையிலாவது எங்களில் ஒருத்தர் பெயர் இருக்கவேண்டுமே, கிடையாது. "ஒரு நாள் என் பேரை இங்க மாட்டுறேன் பார்" என்று அவள் துடைப்பத்தோடு நிற்பவர்களிடம் சொல்லுவாள். அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வது?

ஓடெலின் கதை இதுதான். அத்தை மகன் ஒருத்தன் சாராயக் கடையில் துப்பாக்கியைக் காட்டிப் பணம் பறித்தபோது இவன் வெளியே காரில் உட்கார்ந்திருந்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது என்றான். நீதிபதி நம்பவில்லை. எனக்கும் முழுசாக நம்பிக்கையில்லை, அது வேறு விஷயம். ஏழு வருஷம் உள்ளே போட்டார்கள்.

எங்கள் ஜனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுப் பிள்ளை ஜெயிலில் இருந்தால் ஜெயில் என்று சொல்லமாட்டோம். "வடக்கே போயிருக்கான், டெட்ராய்ட்ல வேலை" என்போம். கேட்கிறவர்களுக்கும் உண்மை தெரியும். தெரிந்தே, "அங்க குளிர் ஜாஸ்தியா இருக்குமே, பாவம்" என்று பதில் சொல்வார்கள். சபையில் மேபெல் கிழவி ஒவ்வொரு ஞாயிறும், "டெட்ராய்ட்ல இருந்து தம்பி எழுதினானா?" என்று விசாரிப்பாள். அது கேலியில்லை, மரியாதை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஊரே சேர்ந்து சோறு போட்டது. எர்னஸ்டின் அந்தப் பொய்யை எத்தனை தரம் சொன்னாளோ, கடைசியில் அது நாக்கிலேயே குடியேறிவிட்டது.

ஓடெல் வெளியே வந்தபோது ஆள் இளைத்திருந்தான். ஆனால் கையில் ஒரு தொழிலோடு வந்தான். ஜெயில் சமையலறையில் அவனுக்கு பிஸ்கட் போடுகிற வேலை. எங்கள் ஊர் பிஸ்கட் டீயில் முக்குகிற மொறுமொறுப்புச் சமாச்சாரம் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு மெத்தென்று உப்பி, பிட்டால் அடுக்கடுக்காக ஆவி பறக்கிற ரொட்டி. மாவும் வெண்ணெயும் மோரும்தான், ஆனாலும் பத்துப் பேர் செய்தால் ஒன்பது பேருக்குக் கல்லாக வரும். ஓடெலுக்குப் பூவாக வந்தது. அக்கா கடையில் அவன் கைவைத்த மறு மாசமே வாசலில் வரிசை நின்றது. பலகையில் இருந்தது எர்னஸ்டின் பெயர், பெயர் வாங்கிக்கொடுத்தது ஓடெலின் கை. இது அவளுக்கும் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் விமான நிலையத்தில் சாப்பாட்டுக் கூடத்தைப் புதுப்பித்தார்கள். மொத்தக் கூடத்தையும் ஒரு பெரிய கம்பெனி எடுத்தது. எடுக்கிறவர்கள் அதில் ஒரு பங்கை, காலங்காலமாக வாசலிலேயே நிறுத்தப்பட்ட எங்களைப் போன்றவர்களின் சின்ன வியாபாரங்களுக்குக் கொடுத்தாகவேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். எர்னஸ்டின் அலைந்து திரிந்து அதை வாங்கினாள். கடையும் கிடைத்தது. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, அட்லாண்டா விமானம் புறப்படும் வாயிலுக்கு நேர் எதிரே, "எர்னஸ்டின் அடுக்களை" என்று சிவப்பு எழுத்தில் பலகை.

ஆனால் அந்தச் சான்றிதழில் ஒரு கிடுக்கிப்பிடி உண்டு. பெயரை மட்டும் வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து காசு வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் கடையை உண்மையிலேயே இவள்தான் நடத்துகிறாளா, இல்லை ஒப்புக்குச் சப்பாணியா என்று பார்க்க அதிகாரி நேரில் வருவார். பின்னால் வேறு யாரோ ஆட்டிவைக்கிறார்கள் என்று தோன்றினால் சான்றிதழும் போச்சு, கடையும் போச்சு. கடை வைக்க என்ஸ்லி வீட்டையே அடமானம் வைத்திருந்தாள், அதுவும் போச்சு.

சோதனைக்கு அந்தப்பக்கம் வேலை செய்கிற ஒவ்வொருத்தருக்கும் பேட்ஜ் என்கிற அனுமதி அட்டை வேண்டும். அக்காவும் தம்பியும் சேர்ந்தேதான் பேட்ஜ் ஆபீசுக்குப் போனார்கள். ஓடெலின் குற்றம் பழசாகிவிட்டது. தீர்ப்பு வந்து பத்து வருஷம் தாண்டியவர்களைத் தடுப்பதில்லை என்று அவன் விசாரித்துவைத்திருந்தான். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்ற முடிவோடு கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அவனைப் பார்த்து, இன்ன வருஷத்திலிருந்து இன்ன வருஷம் வரைக்கும் எங்கே இருந்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் எர்னஸ்டின் முந்திக்கொண்டாள். "டெட்ராய்ட்ல இருந்தான் கண்ணு. கார் ஃபாக்டரில வேலை."

பழக்கம்! வேறு என்ன சொல்ல? ஜன்னலில் இருப்பது மேபெல் இல்லை, அரசாங்கம் என்று அவள் நாக்குக்குத் தெரியவில்லை. ஓடெல் திரும்பி அக்காவைப் பார்த்தான். அங்கேயே மறுத்திருக்கலாம். நாலு பேர் முன்னால் அக்காவைப் பொய்க்காரி ஆக்க மனசு வரவில்லை. சொன்னது அவன் சொன்னதாகவே பதிவாயிற்று, அவனும் கையெழுத்துப் போட்டான். கைரேகை ஒரே வாரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டது. ஜெயிலுக்காக அவனை மறுக்கவில்லை, பொய்க்காக மறுத்தார்கள்.

"என்னாலதான்டா, எல்லாம் என்னாலதான்" என்று எர்னஸ்டின் அடுப்பு முன்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "என் நாக்குல கொள்ளி வைக்க."

"விடுக்கா. நாக்கு வெந்துட்டா கடைல யார் கத்துறது?" என்றான் ஓடெல். "கை கழுவிட்டு வா. பிஸ்கட் போடக் கத்துத்தரேன்."

கற்றுக்கொடுத்தான். அவளுக்கோ கோழி வெட்டிப் பழகிய கை, கனமான கை. மாவைத் தொட்டால் பிசைந்துவிடும். "அக்கா, அது உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? ஏன் இந்த அடி அடிக்கிற?" என்று அவன் கெஞ்சுவான். வெட்டும் வளையத்தை நேராக அமுக்கி நேராக எடுக்கவேண்டும், திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு எழும்பாது என்று நூறு தடவை சொன்னான். நூற்றொன்றாவது தடவையும் அவள் திருகினாள்.

கூடத்தை மேற்பார்க்கிற கம்பெனி மேலாளர் கிரெய்க் வெஸ்டல் நல்ல மாதிரிதான், சிரித்த முகம். "மிஸ் எர்னஸ்டின், ஏன் கஷ்டப்படுறீங்க? நம்ம கிடங்குல உறைய வெச்ச பிஸ்கட் பெட்டி பெட்டியா இருக்கு. பிரிச்சு அடுப்புல வெச்சா முடிஞ்சது. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே தம்பி" என்றாள் அவள். "என் பேரைப் போட்டுட்டு உன் கட்டையை வித்தா, நான் எதுக்கு, நீயே அந்தக் காலத்து மாவுப் பொட்டலத்துக் கறுப்பு வேலைக்காரி படம் மாதிரி என் தலைல ஒரு கர்சீஃப் கட்டிப் படம் எடுத்து மாட்டிக்கோயேன்!"

வீராப்பாகச் சொல்லிவிட்டாள். அன்று ராத்திரியும் மாவோடு மல்லுக்கட்டினாள்.

கடை திறந்த அன்று காலை, கோழியைப் பற்றிக் கவலையில்லை. அவளோடு வந்திருந்த டமீக்கா நல்ல கெட்டிக்காரி, பொரிக்கிற பக்கத்தை ஒற்றை ஆளாகச் சமாளித்தாள். பிஸ்கட்தான் மானத்தை வாங்கியது. முதல் தட்டு தட்டையாக வந்தது. இரண்டாவது ஒருபக்கம் சாய்ந்து வந்தது. வரிசையில் நின்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். மகள் வீட்டுக்குப் புறப்பட்ட மேபெல் கிழவியும் அந்த வரிசையில் இருந்தாள். "பரவாயில்ல சிஸ்டர் டோலிவர், கர்த்தரும் புளிக்காத அப்பத்தைத்தான் சாப்பிட்டார்" என்று ஆறுதல் வேறு சொன்னாள். எர்னஸ்டின் குனிந்து மூன்றாவது தட்டுக்கு மாவைப் பிசைந்தாள்.

தலை நிமிர்ந்து பார்த்தால், வரிசையில் மேபெலுக்கு அடுத்து ஓடெல் நிற்கிறான்! சாம்பல் நிற ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, தலையில் தொப்பி, கையில் ஒரு டிக்கெட்.

"நீ எப்படிடா உள்ள வந்த?"

"அட்லாண்டாவுக்கு டிக்கெட் எடுத்தேன். இருக்கிறதுலயே மலிவு அதுதான். வேலை செய்ய வந்தாத்தான் உன் சரித்திரத்தைக் கேக்குறாங்க அக்கா. காசு குடுத்து வந்தா செருப்பைக் கழட்டச் சொன்னாங்க, அவ்வளவுதான்." அவன் கண்ணாடித் தடுப்பு வழியாக மாவை எட்டிப் பார்த்தான். "ஐயோ, வெண்ணெய் உருகிப்போச்சு. அதைத் தூக்கிப் போடு. புதுசா எடு, ஐஸ் பெட்டியிலேர்ந்து நேரா, குளிரக் குளிர."

"உள்ள வந்து..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேட்ஜ் இல்லாத ஆள் மேடைக்கு இந்தப்பக்கம் கால் வைத்தால் அன்றைக்கே கடையைச் சாத்துவார்கள். அங்கே கத்தியைக்கூடச் சங்கிலி போட்டுத்தான் மேடையில் கட்டியிருந்தார்கள்.

"வரமாட்டேன். கையைப் பின்னால கட்டிக்கிறேன், பார்" என்றான் ஓடெல், சொன்னபடியே கட்டிக்கொண்டான். "வெண்ணெயை மாவோட பொடி பண்ணு. பட்டாணி மாதிரி. போதும், போதும்! இப்ப மோர். நாலு மடிப்பு. தடவு, அடிக்காத. வளையத்தை நேரா அமுக்கு. அக்கா, திருகாத. திருகாதேன்னா!"

"கத்தாதடா! கேக்குது!" என்றாள் அவள். அவன் அடுப்புச் சூட்டை இன்னும் ஏற்றச் சொன்னான். "முடியாது, இது நம்ம வீட்டு அடுப்பு இல்ல, கீழ கருகும். என் அடுப்பு, எனக்குத் தெரியும்" என்று ஏற்ற மறுத்துவிட்டாள். அவன் முணுமுணுத்தான், ஆனால் அடங்கினான். தட்டு உள்ளே போனது. வெளியே வந்தபோது வரிசை மொத்தமும் 'ஓ' என்றது. எழும்பியிருந்தது! மேபெல் முதல் துண்டைப் பிட்டு வாயில் போட்டுக் கண்ணை மூடி, "ஆமென்" என்றாள்.

அதே நேரத்தில், "மிஸ் டோலிவர் யார்?" என்று ஒரு குரல் கேட்டது. நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. சான்றிதழ் ஆபீசிலிருந்து வந்த மிஸ் டில்லார்ட். எங்கள் பெண்தான், ஆனால் சிரிப்பைக் கைப்பையில் பூட்டிவைத்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். பக்கத்தில் கிரெய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவர்கள் வந்து சற்று நேரமாகியிருந்தது, தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள்.

மிஸ் டில்லார்ட் ஓடெலை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் கடையில அடுத்து என்ன செய்யணும்னு இவர் சொல்றார். நீங்க யாருங்க சார்? இந்தக் கடைக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

எர்னஸ்டினின் கை மாவிலேயே நின்றுவிட்டது. ஓடெலுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் நின்று ஆட்டிவைக்கிற ஆள் என்று அவனைத்தான் நினைக்கிறார்கள். அவன் ஒருத்தனால் அக்காவின் பலகை இறங்கப்போகிறது.

அவன் தொப்பியைக் கழற்றினான். "சம்பந்தம் ஒண்ணும் இல்லைங்கம்மா. நான் யாருமில்ல. அட்லாண்டா போற பயணி. பசிச்சுது, வாய் சும்மா இருக்கல." எதிர் வாயிலில் விமானத்துக்குக் கடைசி அழைப்பு கேட்டது. "அதோ, என்னைத்தான் கூப்பிடுறாங்க" என்று நிமிர்ந்து நடந்தான். விமானத்தைத் தரையில் நின்று பார்த்திருக்கிறானே தவிர, அவன் ஜென்மத்தில் ஏறினதில்லை. டிக்கெட்டை நீட்டினான், உள்ளே போய்விட்டான். திரும்பிப் பார்க்கவேயில்லை.

"அவரைத் தெரியுமா உங்களுக்கு?" என்று மிஸ் டில்லார்ட் இப்போது எர்னஸ்டினைக் கேட்டாள்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. தம்பியே வழி போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கிரெய்க் வேறு, சொல்லிவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினான். மேபெல் கிழவி, எதையும் கேட்கவில்லை என்கிற முகத்தோடு பிஸ்கட்டை ஆராய்ந்துகொண்டிருந்தாள். எர்னஸ்டின் எதிர் வாயிலின் மூடிய கதவைப் பார்த்தாள்.

"என் தம்பி" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள், அவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது. "கூடப் பொறந்தவன். பேரு ஓடெல். ஏழு வருஷம் ஜெயில்ல இருந்தான். இந்த பிஸ்கட்டை அங்கதான் கத்துக்கிட்டான். அவன் இல்லேன்னா எனக்கு இந்தக் கடையே இல்ல. அவனுக்குப் பேட்ஜ் கிடைக்காததுக்கு நான் சொன்ன பொய்தான் காரணம். இன்னைக்கு எனக்காக அவன் பொய் சொல்லிட்டுப் போறான். எனக்கு வேண்டாம் அந்தப் பொய். எழுதுறதை எழுதிக்கோங்கம்மா."

மிஸ் டில்லார்ட் அடுப்பை எட்டிப் பார்த்தாள்.

"அடுப்பை ஏத்தச் சொன்னார்" என்றாள் மிஸ் டில்லார்ட். "நீங்க ஏத்தலையே. ஏன்?"

"அவனுக்கு மாவு தெரியும். இந்த அடுப்பைத் தேடி வாங்கி, சண்டை போட்டு மாட்டினது நான். கீழ சூடு ஜாஸ்தி. என் கடைல என் பேச்சுதான்."

"அதைத்தான் நான் பார்க்க வந்தேன்" என்றாள் அவள். "யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கலாம். முடிவு யாருதுன்னு கேக்குறதுதான் என் வேலை. உங்க தம்பி எங்க இருந்தார்ங்கிறது என் கேள்வியில இல்ல." பிறகு, கொஞ்சம் தயங்கி, "ஒரு பிஸ்கட் காசு குடுத்து வாங்கிக்கலாமா?" என்றாள்.

எர்னஸ்டின் அதைக் காதில் வாங்கவில்லை. வாயிலை நோக்கி ஓடினாள், மாவுக் கையோடு. "விமானம் நகர்ந்துடுச்சு மேடம்" என்றாள் அங்கே நின்ற பெண். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அது மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

காலை நெரிசல் ஓய்ந்த நேரத்தில் போன் வந்தது. "அக்கா, மேகத்துக்கு மேல தூக்கிட்டுப் போயிட்டாங்க அக்கா! பக்கத்துல உக்காந்த குழந்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பயப்படாதீங்க சார்'ங்குது. அந்தம்மா போயாச்சா? நான் பஸ் பிடிச்சு வந்துடுறேன்."

"அங்கயே நில்லு. ஒரு அடி நகராத."

அவள் ஏப்ரனை அவிழ்த்தாள். கிரெய்க் பதறிப்போய், "முதல் நாளே முதலாளி கிளம்பிட்டா எப்படி மிஸ் எர்னஸ்டின்?" என்றான்.

"முதலாளிதானே கிளம்பமுடியும்? டமீக்கா பாத்துப்பா. மீதி மாவு இருக்கிற வரைக்கும் பிஸ்கட், தீர்ந்தா தீர்ந்துபோச்சுன்னு எழுதி வை. உன் பெட்டியை மட்டும் பிரிச்சே, தொலைச்சுடுவேன்."

அட்லாண்டா வரைக்கும் நிறுத்தாமல் ஓட்டினாள். விமான நிலையத்து நடைபாதை ஓரத்தில், ஓடெல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தான். காரில் ஏறியதும் சின்னக் கடலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினான். "சும்மா குடுத்தாங்க. உனக்குன்னு வெச்சேன்."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. நெடுஞ்சாலைக்கு வரும்வரை பேசவுமில்லை. அவளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

"கடை தப்பிச்சுதா?" என்று அவனே கேட்டான்.

"தப்பிச்சுது."

"பயணின்னே சொன்னேல்ல?"

"என் தம்பின்னு சொன்னேன்."

"அக்கா!"

"ஜெயில்ல இருந்தான்னும் சொன்னேன். கிரெய்க் இருந்தான், வரிசை முழுக்க ஆள் இருந்துச்சு, மேபெல் இருந்தா."

"மேபெல்லா! ஐயோ, ஞாயித்துக்கிழமைக்குள்ள மாநிலம் பூரா தெரிஞ்சுடுமே!"

"தெரியட்டும். அவளுக்குத் தெரியாததையா சொன்னேன்?"

ஓடெல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, "அந்த வார்த்தையை நீ இதுவரைக்கும் வாயால சொன்னதே இல்லக்கா" என்றான். "என்கிட்ட கூட. பார்க்க வரும்போதுகூட, 'இங்க', 'இங்க'ன்னுதான் சொல்லுவ."

"வெக்கமா இருந்துச்சுடா" என்றாள் எர்னஸ்டின். "ஊருக்குப் பயந்தேன்னு இத்தனை நாளா என்னையே ஏமாத்திக்கிட்டேன். அதில்ல. உன்னை நினைச்சுத்தான் வெக்கப்பட்டேன். அது உனக்கும் தெரியும். இன்னைக்கு நீ யாருமில்லேன்னு சொல்லிட்டுப் போனியே, அதைச் சொல்ல உனக்குப் பழக்கிக் குடுத்தவ நான்தான். மன்னிச்சுடுடா."

அவன் தோள் குலுங்கியது. அவள் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு இன்னொரு கையை அவன் தோளில் போட்டாள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "போடா, தாண்டிப் போ!" என்று கண்ணாடியைப் பார்த்துத் திட்டினாள்.

"திங்கக்கிழமை பேட்ஜ் ஆபீசுக்குப் போறோம்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "பொய் சொன்னது நான்தான்னு ஒரே ஒரு வரி சொல்லிட்டு ஒதுங்கிடுவேன். அப்புறம் அவங்க கேக்குற எதுக்கும் நீ பதில் சொல்லு. நான் வாயே திறக்கமாட்டேன்."

ஓடெல் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். "நீயா?" என்றான். "வாயே திறக்கமாட்டியா?" சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. முதலில் அவள் முறைத்தாள், பிறகு அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.